பூனைக்குட்டியும் வயிற்றுப் புழுவும்: இல்லறத்தார் கொல்லாமை குறித்து ஒரு சிந்தனை

அறங்களுள் தலையாயது கொல்லாமை என்பதில் நம்மவரிடையே இருவேறு கருத்தில்லை. அதனை நாள்தோறும் வீட்டுக்குள் எவ்வாறு கைக்கொள்வது என்னும்போதுதான் ஐயங்கள் எழுகின்றன. பெரிய ஐயங்களை அறவோரிடம் கேட்டுத் தெளிகிறோம். அடுக்களையிலும் குளியலறையிலும் குப்பைக்கூடையிலும் எழும் சிறிய ஐயங்களைக் கேட்க நாணி, அவ்வப்போது தோன்றியவாறு செய்துவிடுகிறோம். அத்தகைய சிற்றையம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

சென்னை அபிராமபுரத்தில் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் பல மறைந்து அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. ஆயினும் பூனைகள் அகலவில்லை. வண்டி நிறுத்தும் தரைத்தளத்திலும், மோட்டார் அறையின் மூலையிலும், சன்னல் மேற்கூரையிலும் அவை குட்டி ஈனுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாயைப் பிரிந்த குட்டியொன்று கத்திக்கொண்டே படியேறி வருவதும், வீட்டுப் பிள்ளைகள் அதனை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வதும் அங்குள்ளோர் அறிந்த செய்தி. சில நாட்களில் குட்டியின் வயிறு மட்டும் பானைபோல் உப்புகிறது, உடல் தேறுவதில்லை. மலத்திலோ வாந்தியிலோ நூலிழை போன்ற வெண்புழு தென்படுகிறது.

அவ்வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த மகள் இருக்கலாம். இரவு உண்ணாமையும் நீர் வடிகட்டுதலும் வழுவாத பாட்டியார் இருக்கலாம். உடனே மூன்று கருத்துகள் எழும். குட்டியை வெளியே விட்டுவிடுங்கள் என்பது ஒன்று. மருந்தைக் கொடுத்து, வீடு முழுதும் பினாயில் ஊற்றிக் கழுவுங்கள் என்பது மற்றொன்று. புழுவும் உயிரன்றோ, அதனைக் கொல்ல மருந்து கொடுப்பது நம் விரதத்துக்கு அடுக்குமா என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இல்லறத்தான் எதனைக் கொள்வது?

புழுவின் நிலை

மூன்றாவது கருத்தைப் பழமை என்று ஒதுக்குதல் தகாது. நம் நூல்கள் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கின்றன. மெய்யும் நாவும் மட்டும் உடையவை ஈரறிவுயிர்கள். சங்கு, சிப்பி முதலியவற்றோடு வயிற்றில் வாழும் கிருமியையும் அவ்வரிசையிலேயே முன்னோர் வைத்து எண்ணினர். கண்ணுக்குப் புலப்படாத குடலுக்குள் வாழ்வதாலோ, நமக்கு அருவருப்பைத் தருவதாலோ அதன் உயிர்மை குறைந்துவிடவில்லை. தொடு உணர்ச்சியும் சுவை உணர்ச்சியும் உடைய ஒன்று துன்பத்தையும் உணரும். ஆகவே, ‘வெறும் புழுதானே’ என்னும் சொல்லை நாம் விட்டுவிட வேண்டும். அச்சொல்லின்றியும் முடிவுக்கு வர இயலுமா என்று பார்ப்பதே முறை.

கால்நடை மருத்துவம் இப்புழுவைப் பற்றிக் கூறுவதையும் அறிந்துகொள்வோம். பூனைக்குட்டிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது உருளைப்புழு. தாய்ப்பூனையின் பாலின் வழியாகவே அது குட்டிக்கு வந்துவிடுகிறது. வளர்ந்த புழு குட்டியின் சிறுகுடலில் இருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அம்முட்டைகள் மலத்துடன் வெளியேறுகின்றன. வெளிவந்தவுடன் அவை பிறருக்குத் தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் அமையப்பெற்றால் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்களில் முட்டைக்குள் இளம்புழு உருவாகிறது; அதன் பின்னரே தொற்றும் தன்மை வருகிறது. முட்டையின் ஓடு தடித்தது, ஒட்டும் தன்மையது. மண்ணில் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

அந்த மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தால், முட்டை வயிற்றுக்குள் சென்று இளம்புழு வெளிப்பட்டு, ஈரல், நுரையீரல் என உடலுக்குள் அலையும். அரிதாகக் கண்ணை அடைந்து பார்வையையும் கெடுக்கும். கொக்கிப்புழுவோ ஈரமணலில் சில நாட்களிலேயே இளம்புழுவாகி, வெறுங்கால் தோலின் வழியே நுழைய வல்லது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும். அதன் விதைகளும் பூனை மலத்தில் வெளிவந்த 1 முதல் 5 நாட்களுக்குப் பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. இந்த நாட்கணக்கை வாசகர்கள் நினைவில் இருத்துக. நம் வினாவுக்கான விடை இதனுள் இருக்கிறது.

வெளியே விடுதல் அறமாகுமா?

முதற்கருத்துக்கு நூலாதரவு தேடுவோர் உண்டு. கார்த்திகேயானுப்ரேக்ஷை என்னும் நூல் பூனை முதலியவற்றை வளர்த்தலை அனர்த்த தண்டத்துள், அதாவது பயனின்றி வினையை ஈட்டும் செயல்களுள் வைக்கிறது. உண்மையே. ஆனால் அந்த விலக்கின் நோக்கத்தை உணர வேண்டும். எலியைப் பிடிக்கட்டும் என்று பூனையை வளர்ப்பவன், தன் கையால் செய்ய அஞ்சும் கொலையை அதன் வாயால் செய்விக்கிறான். அதுவே விலக்கப்பட்டது. மழையில் நனைந்து வாயிலில் வந்து நிற்கும் குட்டிக்கு இடம் கொடுப்பவன் எதனையும் கொல்லுவிக்கவில்லை.

உள்ளே எடுத்து உணவிட்டு வளர்த்த உயிரை நோய் கண்டவுடன் வெளியேற்றுவது வேறொரு குற்றத்துக்கு இடமாகிறது. முதல் அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களாவன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை ஐந்தும் நம் பொறுப்பில் இருக்கும் உயிருக்கு நாம் இழைக்கக்கூடியவை. அவற்றுள் கடைசியானது கைவிடுதலை நேரே குறிக்கிறது. மேலும், வெளியேற்றப்பட்ட குட்டி தன் புழுக்களோடுதான் போகிறது. நம் வீட்டுத் தரையில் விழாத முட்டை அடுத்த வீட்டு மணலில் விழும். நம் குழந்தையைக் காத்துப் பிறர் குழந்தைக்கு நோயை அனுப்புவதில் அறம் எங்கே இருக்கிறது?

ஊன் உண்ணும் விலங்கிடம் இரக்கம் தகுமா என்று ஐயுறுவோர் ஸ்ரீபுராணத்தை நினைவு கூர்க. பகவான் மகாவீரர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்தபோது, சாரண முனிவர் இருவர் அதனை அணுகி அறம் உரைத்தனர். சிங்கமும் நல்லறிவு பெற்றது. சீவக சிந்தாமணியில் சீவகன், அடியுண்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் மந்திரம் ஓதி நற்கதி சேர்க்கிறான். அபிராமபுரத்துக்கு அண்மையிலுள்ள மயிலையில் முற்காலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்ததென்பதும், கடல்கோளுக்கு அஞ்சி அப்படிமம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதென்பதும் நம் மரபு போற்றும் செய்திகள். அந்த நேமிநாதரே தம் திருமண நாளில், விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து துறவு பூண்டவர். அவர் பெயர் வழங்கிய மயிலைப் பகுதியில் வாழ்வோர்க்கு, வாயிலில் கத்தும் சிற்றுயிரின் குரல் அயலாகத் தோன்றுதல் கூடாது.

இரக்கத்துக்கு முறைமை வேண்டும் என்பதும் உண்மை. தில்லி சாந்தினி சௌக்கில் திகம்பர ஜைன லால் மந்திரைச் சேர்ந்த பறவை மருத்துவமனை, ஊன் உண்ணாத பறவைகளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை செய்கிறது. பருந்து போன்றவற்றை வெளிநோயாளியாக மட்டும் பார்த்து அனுப்புகிறது. ஒரே கூரையின்கீழ் உள்ள மற்ற உயிர்களின் அச்சத்தையும் அவர்கள் கருதுகின்றனர். எனினும் பருந்துக்கு மருந்து இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை.

மருந்து கொடுத்தல்

இனி மருந்தைப் பற்றி எண்ணுவோம். மருத்துவர்கள் வழங்கும் பைரண்டல் என்னும் மருந்து புழுவின் தசையை முடக்குகிறது. பிடி தளர்ந்த புழு மலத்துடன் வெளியேறுகிறது. ‘இது புழுவைக் கொல்வதில்லை, வெளியேற்ற மட்டுமே செய்கிறது’ என்று கூறி நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. குடலைவிட்டு நீங்கிய புழு வெளியே பிழைப்பதில்லை. மருந்து கொடுப்பது புழுவின் இறப்பில் முடியும் செயலே.

அப்படியாயின் விரதம் என்னாயிற்று? நம் ஆசிரியர்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்தனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லத்துத் தொழில்களில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டியது முதலாவதை. மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கும் குழந்தைக்கும் வரும் கேட்டைத் தடுக்கத் தரும் மருந்து நான்காவதைச் சார்ந்தது என்பது நம் கருத்து.

எண்ணத்தின் வலிமையை யசோதர காவியம் நமக்குக் காட்டியிருக்கிறது. அங்கே பலியிடப்பட்டது மாவினால் செய்த கோழி. உண்மையான உயிர் எதுவும் மடியவில்லை. ஆயினும் கொல்லும் கருத்தோடு வாளெடுத்ததால் யசோதரனும் அவன் அன்னையும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். உயிர் போகாத இடத்திலும் எண்ணம் வினையைக் கட்டுகிறது என்றால், எண்ணத்தில் கொலையின்றி உயிர் போகும் இடத்தில் வினையின் அளவு வேறு என்பது பெறப்படும்.

இதனை ஒரு சாக்காகக் கொள்ளுதல் எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘என் எண்ணம் தூயது’ என்று கூறிக்கொண்டு எதையும் செய்துவிடலாம் அன்றோ? ஆகவே எண்ணத்தின் தூய்மையைச் சோதிக்கும் உரைகல் ஒன்று வேண்டும். இதைவிடக் குறைந்த தீங்குடைய வழி இருந்ததா, அதனை உரிய காலத்தில் செய்தோமா என்பதே அவ்வுரைகல். காலங்கடத்திப் புழு பெருகிய பின் மருந்தைக் கையில் எடுப்பவன், ‘வேறு வழியில்லை’ என்று கூறும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறான்.

பொருத்தமின்மை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. நம் பிள்ளைகளும் அதனை உண்கின்றனர், யாரும் தடுப்பதில்லை. தன் பிள்ளையின் வயிற்றுப் புழுவுக்கு ஏற்ற மருந்தைப் பூனைக்குட்டியின் வயிற்றுப் புழுவுக்கு மட்டும் பாவம் என்று மறுப்பவர், புழுவிடம் இரக்கம் காட்டுகிறாரா, பூனைக்குட்டியிடம் இரக்கம் குறைந்திருக்கிறாரா என்பதைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்தைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே கொடுக்க வேண்டும். மனிதர் மாத்திரையையோ நாய்க்குரிய மருந்தையோ மதிப்பிட்டுக் கொடுத்தல் குட்டிக்கே கேடாகும். வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னையில் உள்ளோர் அணுகக்கூடியது. மலத்தைச் சோதித்து எவ்வகைப் புழு என்று அறிந்த பின் கொடுக்கும் மருந்து, தேவையற்ற மருந்துகளைத் தவிர்க்கிறது. பொதுவாக மூன்றாம் வாரம் தொடங்கி இருவாரத்துக்கு ஒருமுறை எனக் குட்டிப் பருவத்திலேயே கொடுக்குமாறு கூறுவர்.

துப்புரவே முதல் அறம்

மருந்தோடு செய்தி முடிந்துவிடுவதில்லை. மருந்து குடலில் உள்ள புழுவை நீக்கும். தரையிலும் படுக்கையிலும் மணலிலும் உள்ள முட்டையை நீக்காது. வீடு துப்புரவாகாவிடில் குட்டிக்கு மீண்டும் தொற்றும். மீண்டும் மருந்து, மீண்டும் இறப்பு. ஆகவே துப்புரவின் அளவே இறப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

நம் இல்லங்களின் பழைய ஒழுக்கங்களை எண்ணிப் பாருங்கள். நீரை வடிகட்டுகிறோம். மாவையும் பருப்பையும் வெயிலில் காயவைத்து, நாட்பட வைக்காமல் பயன்படுத்துகிறோம். எச்சிற் பாத்திரத்தை இரவு முழுதும் போட்டுவைப்பதில்லை. இவற்றின் நோக்கம் பிறந்த உயிரைக் கொல்லுதல் அன்று. உயிர் பிறந்து மடிவதற்கான இடத்தை உண்டாக்காமல் இருத்தல். ஈரறிவுயிர்கள் அழுக்கிலும் ஈரத்திலும் சம்மூர்ச்சனமாகத் தோன்றும் என்று நூல்கள் கூறும். முட்டையிலிருந்து தோன்றும் என்று இன்றைய அறிவியல் கூறும். விளக்கங்கள் வேறாயினும், கழிவைக் கிடக்கவிட்டால் உயிர் பெருகும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முன்னர்க் கூறிய நாட்கணக்கை இங்குப் பொருத்திக் காண்க. உருளைப்புழு முட்டைக்குள் இளம்புழு உருவாக வாரங்கள் ஆகும். டாக்ஸோபிளாஸ்மா தொற்றும் தன்மை பெற ஒரு நாளேனும் ஆகும். அன்றாட மலத்தை அன்றே அகற்றுபவன் வீட்டுத் தரையில் அவ்வுயிர்கள் வளர்ந்து பரவுவதில்லை. அவன் கொல்ல வேண்டியதும் மிகக் குறைவு. ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பவன் வீட்டிலோ கொதிநீரும் மருந்தும் மீண்டும் மீண்டும் தேவைப்படும். நூல்கள் ‘பிரமாதம்’ என்று கூறுவது இதனையே. இன்று பேச்சில் அச்சொல்லுக்குச் சிறப்பு என்னும் பொருள் வந்துவிட்டது. நூல்களில் அது அசட்டையைக் குறிக்கும். அசட்டையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. குறளும் பொச்சாவாமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்துள்ளது.

எனவே இல்லத்தில் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். நோய் தீரும்வரை குட்டியை வழவழப்பான தரையுள்ள ஓர் அறையில் வைத்தல் நன்று. மெத்தை, கம்பளம் உள்ள அறைகளில் உலவவிட வேண்டாம். தட்டில் மணலோ மரத்தூளோ இட்டு, அதிலேயே மலங்கழிக்கப் பழக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறையேனும் கையுறை அணிந்து மலத்தை அகற்ற வேண்டும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யலாகாது. வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் போதும், அதற்காகக் குட்டியை நீக்க வேண்டியதில்லை. தட்டைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றிக் காயவைக்க வேண்டும். அதற்குமுன் எறும்பு முதலியன இருக்கின்றனவா என்று பார்த்து மெல்லத் துடைத்து விலக்குக. கொதிநீரை ஆறவிட்ட பின்னரே சாக்கடையில் விடுக. குட்டியின் துணிகளை வெந்நீரில் துவைத்து மொட்டைமாடியில் நல்ல வெயிலில் உலர்த்துக. ஈரமும் நிழலுமே இவ்வுயிர்களுக்கு உறைவிடம்.

பினாயில் வேண்டாம். அதிலுள்ள பினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் எளிதில் செரித்து வெளியேற்ற இயலாது. காலை நக்கும் குட்டிக்கு அது நஞ்சு. பிளீச்சிங் பவுடரோ உருளைப்புழு முட்டையின் தடித்த ஓட்டை ஊடுருவிப் பயன் தருவதில்லை. முட்டை அழியாமலிருக்க, எறும்பும் மண்புழுவும் மடிவதே மிச்சம். கழுவித் துடைத்து அகற்றுதலே முதன்மையான வழி. வீட்டார் அனைவரும் நகம் களைந்து, உண்ணுமுன் சோப்பால் கைகழுவி, கீரை காய்களை நன்கு அலசிச் சமைக்க வேண்டும். வீட்டுக்கருகில் கட்டட மணல் குவிந்திருப்பின் மூடிவைக்கச் சொல்லுதல் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்மை.

பிறர் கையில் விடும் அழுக்கு

இறுதியாக, நாம் பெரும்பாலும் எண்ணாதது ஒன்று. அகற்றிய மலம் எங்கே செல்கிறது? முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று உத்சர்க சமிதி. மலசலம் முதலிய கழிவுகளை, உயிர்களில்லாத இடமா, பிறர்க்கு இடையூறற்ற இடமா என்று ஆராய்ந்து விடுதல் அதன் பொருள். உண்ணுதலுக்கும் நடத்தலுக்கும் இணையாகக் கழிவை விடுதலையும் ஓர் ஒழுக்கமாக வைத்த அறம் நம்முடையது. இல்லறத்தார்க்கு அவ்வொழுக்கம் முழுமையாக இயலாதாயினும் அதன் சாயலேனும் வேண்டும்.

மழைநீர்க் கால்வாயில் கொட்டினால் அது அயலார் தெருவைச் சேரும். திறந்த குப்பையில் எறிந்தால் துப்புரவுப் பணியாளரின் கையைச் சேரும். தாளில் பொதிந்து, பையிலிட்டு இறுகக் கட்டி, மற்றக் குப்பையோடு கலவாமல் கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் இப்பணியைத் தள்ளிவிடுதலும் தகாது. அவர் வீட்டிலும் தவழும் குழந்தை இருக்கும். கையுறை வேண்டும் என்று கேட்க அவர் தயங்குவார். குட்டியை எடுத்து வைத்துக்கொண்டது நம் இரக்கம் என்றால், அதன் மலத்தை எடுப்பதும் நம் கையாகவே இருக்க வேண்டும். இரக்கத்தின் இன்பம் நமக்கும் அதன் அழுக்கு பிறருக்கும் என்று பிரித்துக்கொள்வது அறமாகாது.

பாட்டியாரின் வினாவுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே. புழு உயிர்தான், அதன் இறப்புக்கு நாம் வருந்தத்தான் வேண்டும், அன்றைய பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைந்து பொறுத்தருள வேண்ட வேண்டும். ஆனால் அவ்வருத்தம் மருந்தை மறுக்கும் காரணமாகாமல், மறுநாள் காலையில் தட்டைத் தாமதமின்றிக் கழுவும் காரணமாக வேண்டும். பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுப்போமாக. குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளை, அதன் தட்டைக் கழுவவும் கற்றுக்கொண்டால், கொல்லாமையின் முதற்பாடத்தை வீட்டிலேயே பெற்றதாகும்.